அமுக்கினால் கேட்காத பட்டன்: கையடக்க கேம் கருவியைத் திறந்து சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டையில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. டப்பாவில் போட்ட முறுக்கு நமத்துப்போகும். உப்பு ஜாடிக்குள் நீர் கோத்துக்கொள்ளும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் குற்றாலத்தில் அருவியாக விழும் அதே நாட்களில்தான், என் வீட்டு முன்னறை மேசைக்குப் பட்டன் பழுதான கேம் கருவிகள் அதிகமாக வந்து சேரும். புளியரை, கடையநல்லூர்ப் பிள்ளைகள் "பட்டன் கேக்க மாட்டேங்கு அண்ணே" என்று நீட்டுவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூரிலிருந்து வருபவர்கள் "ஞெக்கியிட்டும் அனங்ஙுந்நில்ல சேட்டா" என்பார்கள். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் இது. சொந்தபந்தம் இன்றும் இரண்டு பக்கமும் இருக்கிறது, அதனால் கருவிகளும் இரண்டு பக்கமிருந்தும் வருகின்றன.

பெரும்பாலானவை வளைகுடாவில் வேலை பார்த்த மாமாவோ சித்தப்பாவோ விடுமுறைக்கு வரும்போது வாங்கி வந்தவை. சோனியின் பிஎஸ்பி, நின்டெண்டோவின் டிஎஸ் லைட், கேம் பாய் அட்வான்ஸ். இப்போது அன்பெர்னிக், மியூ போன்ற சீனக் கருவிகளும் வருகின்றன. "போர்டு போச்சு" (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகைதான் போர்டு) என்று ஒரு கடையில் சொல்லித் திருப்பி அனுப்பிய பிஎஸ்பி ஒன்று என்னிடம் வந்தது. திறந்து பார்த்தால் போர்டில் ஒரு குறையும் இல்லை. பட்டனுக்கு அடியில் காய்ந்துபோன குளிர்பானம்தான் இருந்தது. நான்கு காட்டன் பட்ஸும் கொஞ்சம் ஆல்கஹாலும் போதுமானதாக இருந்தன. அந்தப் பையன் அந்தக் கருவியை ஒரு வருடம் பீரோவுக்குள் வைத்திருந்தான். இப்படிப் பீரோவுக்குள் கிடக்கும் கருவிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நிதானமும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் இதில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்துவிடலாம்.

பட்டனுக்கு அடியில் என்ன இருக்கிறது

விரலில் படுவது வெறும் பிளாஸ்டிக் மூடி. அதில் மின்சாரம் எதுவும் ஓடுவதில்லை. மூடிக்கு அடியில் குமிழ் குமிழாக ஒரு சிலிக்கோன் ரப்பர் விரிப்பு இருக்கும். ஒவ்வொரு குமிழின் உள்பக்கத்திலும் கறுப்பாக ஒரு சிறு வட்டு தெரியும். அது கரி கலந்த ரப்பர், மின்சாரத்தைக் கடத்தும். அதற்கு நேர் கீழே போர்டில் இரண்டு தடங்கள், இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றோடொன்று தொடாமல் கோத்து வைத்ததுபோல. பட்டனை அமுக்கினால் குமிழ் மடங்கி, கரி வட்டு இரண்டு சீப்பையும் ஒன்றாகத் தொடும். சுற்று மூடும். விரலை எடுத்தால் ரப்பரே மூடியை மேலே தள்ளிவிடும்.

கருவியின் சிப் அந்தத் தடத்தில் மின்னழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. வட்டின் மின்தடை குறைவாக இருக்கும்வரை மின்னழுத்தம் முழுதாக இறங்கும். அழுக்கு படிந்தாலோ கரி தேய்ந்தாலோ மின்தடை ஏறிவிடும், மின்னழுத்தம் அரைகுறையாகத்தான் இறங்கும், சிப் அதைக் கணக்கில் எடுக்காது. பலமாக அமுக்கினால் மட்டும் வேலை செய்வது இதனால்தான். கூடுதல் பலத்தில் வட்டின் கூடுதல் பரப்பு தடத்தில் படுகிறது. ஆனால் அப்படி அமுக்கி அமுக்கியே ரப்பரின் குமிழ் கழுத்து கிழிந்துவிடும். பட்டன் மக்கர் செய்ய ஆரம்பித்ததுமே பலத்தைக் கூட்டாமல் கருவியைத் திறந்துவிடுவது நல்லது.

இன்னொரு வகை, சொடுக்கு சுவிட்ச். கடைகளில் 'டேக்ட் சுவிட்ச்' அல்லது 'மைக்ரோ சுவிட்ச்' என்று கேட்டால் தருவார்கள். சின்னச் சதுரப் பெட்டிக்குள் மெல்லிய உலோகக் குமிழ் ஒன்று இருக்கும். அமுக்கினால் 'டிக்' என்று மடங்கித் தொடும். கேம் பாய் அட்வான்ஸ், டிஎஸ் லைட் ஆகியவற்றின் மேல் விளிம்பில் இருக்கும் எல், ஆர் பட்டன்கள் இந்த வகை. அவற்றின் ஏ, பி பட்டன்களும் பிஎஸ்பியின் முகப்புப் பட்டன்களும் ரப்பர் வகை. உங்கள் கருவியைப் பற்றித் தெரியவில்லை என்றால் காதுகொடுத்துக் கேளுங்கள். மெத்தென்று இறங்கினால் ரப்பர், 'டிக்' என்று கேட்டால் உலோகம்.

சிலுவை வடிவத் திசைப் பட்டனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1982-ல் நின்டெண்டோவின் 'டாங்கி காங்' கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்கக் கருவிக்காக அந்த நிறுவனத்தின் வடிவமைப்பாளர் குன்பே யோகோய் கொண்டுவந்த வடிவம் அது. நான்கு திசைக்கும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, நடுவில் அடிப்பக்கம் ஒரு சிறு முனை. அந்த முனையின் மேல்தான் முழுப் பட்டனும் ஊஞ்சல் பலகை மாதிரி சாய்கிறது. அதனால் இடதும் வலதும் ஒரே நேரத்தில் அமுங்காது. முனை தேய்ந்துவிட்டால் ஊஞ்சல் தாழ்ந்துவிடும், எந்தத் திசையை அமுக்கினாலும் பக்கத்துத் திசையும் சேர்ந்து அமுங்க ஆரம்பிக்கும்.

படி 1: திறப்பதற்கு முன் நோயைக் கண்டுபிடியுங்கள்

ஒரு தாளில் எல்லாப் பட்டன்களையும் வரைந்து, ஒவ்வொன்றையும் மெதுவாக ஒருமுறை, வேகமாகப் பத்து முறை, ஓரத்தில் ஒருமுறை அமுக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நின்டெண்டோ ஸ்விட்சில் இதற்கென்றே வசதி இருக்கிறது: சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ், அதற்குள் டெஸ்ட் இன்புட் டிவைசஸ். மற்ற கருவிகளில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனி வேலை உள்ள கேம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வேறு ஒரு கேமிலும் பாருங்கள். கேமுக்குள் பட்டன் அமைப்பை யாராவது மாற்றி வைத்திருந்தால் பழுது இல்லாத கருவியை வீணாகத் திறப்பீர்கள்.

மூடி உள்ளே போய் ஒட்டிக்கொண்டு திரும்பி வரவில்லை என்றால் சர்க்கரைப் பிசுக்கு. மூடி நன்றாக இறங்கி ஏறுகிறது, ஆனால் பலமாக அமுக்கினால்தான் கேட்கிறது என்றால் அழுக்கோ கரித் தேய்வோ. தொடாமலே பட்டன் தானாக அமுங்குவதுபோல நடந்தால் ஈரம், வியர்வை உப்பு, அல்லது முன்பு யாரோ திறந்து ரப்பரைச் சரியாக உட்கார வைக்காமல் மூடியது. 'டிக்' சத்தம் செத்துவிட்டால் சுவிட்ச். ஒரு பக்கத்துப் பட்டன்கள் மொத்தமாக ஒரே நேரத்தில் வேலை நிறுத்தினால் பட்டனில் தேட வேண்டாம், போர்டுகளை இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிளைப் பாருங்கள். நான்கு ரப்பர் வட்டுகள் ஒரே நாளில் தேய்வது நடக்காத காரியம்.

டிஎஸ் லைட்டின் எல், ஆர் பட்டன் கேட்காவிட்டால் இடுக்கில் வாயால் ஊதும் பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. தூசி நகர்ந்து கொஞ்ச நேரம் வேலை செய்யும். ஆனால் மூச்சில் ஈரம் இருக்கிறது. ஊத ஊத உள்ளே இருக்கும் உலோகத்தில் களிம்பு ஏறும். ஊதத்தான் வேண்டுமென்றால் கேமரா துடைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் பந்து ஊதியைப் பயன்படுத்துங்கள்.

படி 2: தேவையானவை

நின்டெண்டோ கருவிகளின் வெளிப்பக்கத்தில் பெரும்பாலும் மூன்று கால் ஸ்க்ரூக்கள் இருக்கும். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் 'ஒய் டைப்' ஸ்க்ரூடிரைவர் என்று கேளுங்கள். பிஎஸ்பிக்கும் மற்றவற்றின் உள்பக்கத்துக்கும் சின்ன ஸ்டார் முனை, இரட்டைப் பூஜ்ய அளவு. ஜப்பான் கருவிகளின் ஸ்டார் ஸ்க்ரூக்களில் பள்ளம் சற்று வேறு மாதிரி வெட்டியிருக்கும். சாதாரண ஸ்டார் முனை அதில் முழுதாக உட்காராமல் நழுவித் தலையைத் தின்றுவிடும். 'ஜேஐஎஸ்' (ஜப்பானியத் தர அளவு) முனை கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நல்ல எஃகு முனையைச் செங்குத்தாக வைத்து, திருகுவதைவிடக் கீழ்நோக்கி அழுத்துவதில் அதிக பலம் கொடுங்கள்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் முக்கியம். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர்தான், போர்டில் ஈரம் தங்கிவிடும். 90 சதவீதத்துக்கு மேல், முடிந்தால் 99 சதவீதம் உள்ளதை வாங்குங்கள். தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அடுப்பு, சால்டரிங் இரும்பு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். இதோடு காட்டன் பட்ஸ், மென்மையான பழைய டூத் பிரஷ், பிளாஸ்டிக் கிட்டார் பிக் அல்லது பயன்படாத சிம் கார்டு அட்டை, முனை வளைந்த இடுக்கி, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர். பெண்டிரைவ் விலையில் கிடைக்கும் மல்டிமீட்டரே போதும்.

இன்னொன்றும் வேண்டும்: வீட்டில் பயன்படாத டிவி ரிமோட். அதன் உள்ளமைப்பும் இதே கரி வட்டு, இதே சீப்புத் தடம்தான். இதற்குமுன் எதையும் திறந்ததில்லை என்றால் முதல் நாள் அந்த ரிமோட்டைத் திறந்து, துடைத்து, மூடிப் பழகுங்கள். கை நடுக்கம் அதிலேயே போய்விடும்.

படி 3: திறப்பது

முதலில் கருவியை அணைத்து, கேட்ரிட்ஜ், மெமரி கார்டு, பேட்டரி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் கருவிகளில் உறையைத் திறந்ததும் முதல் வேலை அதன் இணைப்பைக் கழற்றுவது. பேட்டரி உப்பியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். குத்துவதோ நெம்புவதோ கூடாது. பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் கருவியின் பின்பக்கத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே செல்லோடேப்பால் ஒட்டிவிடுங்கள். நீளம் வேறுபடும். நீள ஸ்க்ரூவைக் குட்டையான துளையில் போட்டு இறுக்கினால் முகப்பு பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். எல்லா ஸ்க்ரூவும் எடுத்த பிறகும் உறை பிரியவில்லை என்றால் எங்கோ இன்னொன்று ஒளிந்திருக்கிறது. ரப்பர் பாதத்துக்கு அடியில், ஸ்டிக்கருக்குப் பின்னால், பேட்டரிக் குழிக்குள் தேடுங்கள். பிஎஸ்பியில் பேட்டரிக் குழியில் ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பதைப் பலர் கவனிக்காமல் நெம்பி உறையை உடைத்திருக்கிறார்கள்.

பிஎஸ்பி திறக்க எளிது, முகப்பு மட்டும் தனியாக மேலே வந்துவிடும். முதல் கேம் பாயில் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே ரிப்பன் இருக்கிறது, வெடுக்கென்று இழுக்காதீர்கள். நின்டெண்டோ ஸ்விட்சின் இரு பக்கமும் கழற்றி மாட்டும் ஜாய்கான் நான்கு மூன்று-கால் ஸ்க்ரூவோடு புத்தகம்போலத் திறக்கும், ஆனால் இரண்டு பக்கத்தையும் மெல்லிய ரிப்பன் இணைத்திருக்கும். ஸ்விட்ச் லைட்டில் எல்லாம் ஒரே உடலுக்குள் இருப்பதால் முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ரிப்பன் கேபிளின் பூட்டு இரண்டு வகை. ஒன்றில் சின்னத் தகடு கதவுபோல மேலே தூக்கும், மற்றதில் இழுப்பறைபோல வெளியே நகரும். எந்த வகை என்று பார்க்காமல் தொடவே தொடாதீர்கள். ஆரம்ப நாட்களில் நகரும் வகைப் பூட்டைத் தூக்கும் வகை என்று நினைத்து நெம்பி, பக்கத்து வீட்டுப் பையனின் கருவியில் பூட்டின் காதை உடைத்துவிட்டேன். ரிப்பன் பிடிமானமில்லாமல் கழன்று கழன்று வந்தது. மெல்லிய நுரைத் துண்டை மேலே வைத்து உறையின் அழுத்தத்தில் பிடிக்க வைத்தேன், இன்றும் வேலை செய்கிறது. ஆனாலும் அது சரியான பழுதுபார்ப்பு இல்லை. அன்றிலிருந்து பூட்டை முதலில் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் கைவைப்பதில்லை.

படி 4: துடைப்பது

பெரும்பாலான கருவிகளுக்கு வைத்தியம் இத்தோடு முடிந்துவிடும், அதனால் அவசரம் வேண்டாம்.

மூடிகளை எடுத்து வெதுவெதுப்பான நீரில் துளி பாத்திர சோப்பு விட்டுப் பத்து நிமிடம் ஊற வையுங்கள். உறையில் மூடி நுழையும் ஓட்டையின் ஓரத்தையும் பிரஷால் தேயுங்கள், பிசுக்கு அங்கேதான் வளையமாகப் படிந்திருக்கும். பட்டனில் எழுத்து அச்சிட்டிருந்தால் ஆல்கஹால் படவிடாதீர்கள், அழிந்துவிடும். திரைக் கண்ணாடியாக இருக்கும் பிளாஸ்டிக்கிலும் ஆல்கஹால் சொட்டக்கூடாது, வெடிப்புக் கோடு விழலாம்.

ரப்பர் விரிப்பையும் சோப்பு நீரிலேயே கழுவலாம். கரி வட்டை மட்டும் விரலால் மெதுவாகத் தடவிக் கழுவுங்கள், பிரஷ் போடாதீர்கள். கழுவிய பின் நிழலில், மின்விசிறிக்குக் கீழே, முழுதாகக் காய வேண்டும். சாரல் காலத்தில் நான் ஒரு இரவு முழுவதும் விட்டுவிடுவேன். காய்ந்ததும் காட்டன் பட்ஸில் துளி ஆல்கஹால் தொட்டு வட்டை ஒருமுறை ஒற்றி எடுங்கள். பஞ்சில் லேசாகக் கறுப்பு ஏறுவது இயல்பு. கொத்தாக வந்தால் வட்டே கரைகிறது என்று பொருள், நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது போர்டு. தடத்தின் நிறத்தைப் பாருங்கள். பொன்னிறமாக மின்னினால் மேலே தங்கப் பூச்சு. ஆல்கஹாலில் துடைத்தும் கறை போகவில்லை என்றால் பள்ளிக்கூட வெள்ளை ரப்பரால் இரண்டு மூன்று முறை மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, மறுபடி துடைக்கலாம். கறுப்பாக மங்கலாக இருந்தால் அது கரிப் பூச்சு. அதில் அழிரப்பரோ பிரஷோ, எமரித் தாளோ படவே கூடாது. பூச்சு உரிந்தால் அடியில் இருக்கும் செம்பு வெளியே தெரியும், நம் ஊர் ஈரத்தில் செம்பு சீக்கிரமே பச்சைக் களிம்பு பிடிக்கும். ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒரே திசையில் ஒற்றித் துடைத்தால் போதும். "நல்லா தேய்ச்சா நல்லா சுத்தமாகும்" என்று பாத்திரம் விளக்கிய பழக்கத்தில் இதைத் தேய்த்துக் கெடுத்த போர்டுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. அழுக்கோடு வந்திருந்தால் மூன்றையும் காப்பாற்றியிருக்கலாம்.

பென்சில் பேட்டரி போடும் பழைய கருவிகளில் பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது காரம். வெள்ளை வினிகர் தொட்ட பஞ்சால் ஒற்றினால் நுரைத்து அடங்கும். பிறகு ஆல்கஹாலில் வினிகரைத் துடைத்து எடுத்துவிடுங்கள்.

கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயைப் பட்டனுக்குள் அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். எண்ணெய்ப் படலம் உள்ளேயே தங்கும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் வாரம் நன்றாக இருப்பதுபோலத் தெரிவதால் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள்.

படி 5: கரி தேய்ந்திருந்தால்

துடைத்த பிறகும் அதே பட்டன் கேட்கவில்லையா? மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, இரண்டு முனைகளையும் கரி வட்டின் மேல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் மெதுவாகத் தொடுங்கள். நான் அளந்தவரையில் நல்ல வட்டுகள் சில பத்து ஓம்ஸிலிருந்து சில நூறு ஓம்ஸுக்குள் காட்டுகின்றன. ஆயிரங்களில் ஏறினால் அந்த வட்டு களைத்துவிட்டது. அதே விரிப்பில் குறைவாகப் பயன்படும் செலக்ட் பட்டனின் வட்டையும் அளந்து ஒப்பிடுங்கள், தீர்ப்பு தெளிவாகிவிடும். கண்ணுக்கும் தெரியும்: நல்ல வட்டு மங்கலான கறுப்பு, தேய்ந்தது பளபளக்கும்.

இதற்குச் சரியான வழி புது ரப்பர் விரிப்புதான். கேம் பாய் வகைகள், டிஎஸ் லைட், பிஎஸ்பி எல்லாவற்றுக்கும் ஆன்லைனில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. பிஎஸ்பி வாங்குபவர்கள் 1000, 2000, 3000 என்று எந்த மாடல் என்பதைப் பின்பக்கச் சீட்டில் பார்த்து வாங்குங்கள், ஒன்றுக்கொன்று சேராது. புது விரிப்பு முதல் சில நாள் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் 6பி போன்ற மென்மையான பென்சிலை வட்டின் மேல் தேய்த்துக் கரி ஏற்றலாம். சில நாள், சில வாரம் ஓடும். பென்சில் துகள் தடங்களின் நடுவே விழுந்தால் பட்டன் தானாக அமுங்கும் என்பதால் ஊதிவிட்டு மூடுங்கள். ரிமோட் பட்டன்களுக்கென்று விற்கும் கடத்தும் கிராஃபைட் பூச்சு இதைவிட நல்லது. மெல்லியதாக ஒரே ஒரு பூச்சு, ஒரு நாள் முழுதும் காயவிட வேண்டும்.

உதிரிபாகமே கிடைக்காத அரிய கருவி என்றால் நான் செய்வது இது: அந்த ரிமோட்டின் ரப்பரிலிருந்து, குறைவாகப் பயன்பட்ட பட்டனின் கரி வட்டை பிளேடால் மெல்லியதாகச் சீவி எடுத்து, தேய்ந்த வட்டின் இடத்தில் சிலிக்கோன் பசையால் ஒட்டுவேன். தேய்ந்த வட்டை முதலில் சீவி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உயரம் கூடி பட்டன் எப்போதும் அமுங்கியே இருக்கும். ஃபெவிக்விக் மாதிரியான பசை சிலிக்கோனில் பிடிக்காது. இந்த முறையில் சரிசெய்த ஒரு பழைய கருவி இரண்டு மழைக்காலம் தாண்டி ஓடுகிறது.

அலுமினியத் தாளை வெட்டி ஒட்டச் சொல்லும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஆக்சைடு படலம் படியும், தொடர்பு நிலைக்காது. தாளின் கூர் ஓரம் போர்டின் கரிப் பூச்சைச் சுரண்டிவிடும்.

படி 6: திசைப் பட்டன்

திசைப் பட்டனில் வரும் தொல்லை வேறு மாதிரி. மேலே அமுக்கினால் மேல்-வலம் போகிறது என்று சொல்வார்கள். கேட்காமல் இருப்பதைவிட இது எரிச்சலானது. முதலில் ரப்பரின் வழிகாட்டித் துளைகள் போர்டின் அல்லது உறையின் முளைகளில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகினாலே மூலைகள் கலங்கும். அது சரியாக இருந்தால் பட்டனின் நடு முனை தேய்ந்திருக்கலாம். முனையின் அடியில் செல்லோடேப்பில் வெட்டிய சிறு வட்டம் ஒன்று ஒட்டினால் ஊஞ்சல் பழைய உயரத்துக்கு வரும். ஒன்று போதாவிட்டால் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம்.

சில சீனக் கருவிகளில் புதிதிலேயே இந்தக் குறை இருக்கும், வட்டு தடத்தைவிடப் பெரிதாக இருப்பதால். அங்கே போர்டில் ஒவ்வொரு திசைத் தடத்தின் உள்பக்க ஓரத்தையும் மெல்லிய டேப் கீற்றால் மறைத்தால், வட்டு முழுதாக இறங்கினால்தான் தொடும். கீற்றை அரை மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டராக நகர்த்தி மூடி, விளையாடிப் பார்த்து, மறுபடி திறக்க வேண்டியிருக்கும். எனக்கு ஒருமுறை ஐந்து தடவை திறக்க வேண்டியிருந்தது.

படி 7: சொடுக்கு சுவிட்ச்

மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் (பீப் சத்தம் வரும் அமைப்பில்) வைத்து சுவிட்சின் கால்களைத் தொட்டு அமுக்குங்கள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் பீப் வர வேண்டும். விட்டு விட்டு வந்தால் காண்டாக்ட் கிளீனர் (மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் திரவம்) ஒரு துளி ஓரத்தில் விட்டு ஐம்பது முறை அமுக்கி, காய வைத்துப் பாருங்கள். வரவே இல்லை என்றால் மாற்ற வேண்டும், சால்டரிங் தெரிந்திருக்க வேண்டும்.

சுவிட்சின் நீள அகலம், முக்கியமாக உயரம், கால்களின் எண்ணிக்கை மூன்றையும் அளந்து அதே அளவில் வாங்குங்கள். பழைய இணைப்பில் இருப்பது பெரும்பாலும் ஈயமில்லாத சால்டர், சுமார் 217 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அதன் மேல் ஈயம் கலந்த சாதாரண சால்டர் கொஞ்சம் சேர்த்தால் உருகுநிலை இறங்கி எளிதாகக் கழலும், 63/37 வகை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரியிலேயே உருகிவிடும். இரும்பை 330–350 டிகிரியில் வைத்து, ஒரு காலில் மூன்று விநாடிக்கு மேல் நிறுத்தாதீர்கள். சுவிட்சை இழுக்கவே கூடாது, தானாகக் கழன்று வர வேண்டும். இழுத்தால் போர்டின் செம்புத் தட்டும் சேர்ந்து வந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் மொபைல் சர்வீஸ் கடையில் கொடுங்கள். சுவிட்சை நீங்களே வாங்கி, இடத்தைக் காட்டிக் கொடுத்தால் கூலி குறைவாகத்தான் ஆகும்.

படி 8: மூடுவது

உறையைக் கவிழ்த்து வைத்து மூடிகளை முதலில் போடுங்கள். பெரும்பாலான மூடிகளின் ஓரத்தில் பள்ளமோ காதோ இருக்கும், அதனதன் இடத்தில்தான் உட்காரும். அதன் மேல் ரப்பர், பிறகு போர்டு. எல்லா ஸ்க்ரூவையும் போடுவதற்கு முன், இரண்டு மட்டும் லேசாகப் போட்டு, பேட்டரி இணைத்து, முதல் படியில் எழுதிய தாளை எடுத்து அதே சோதனையைச் செய்யுங்கள். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ போடும்போது முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். 'டுக்' என்று பழைய மரை சிக்கும் இடம் தெரியும், அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் மரை தேயாது. நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் உறை அழுந்தி நல்ல பட்டனும் விறைத்துப்போகும்.

மழைக்காலத்தில் வைப்பது

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து நிரம்பிவிட்டன, மாற்றுங்கள். நீல வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது, சமையல் பாத்திரத்தில் போட்டுக் காய வைக்கவும் கூடாது. நனைந்த கருவியை அரிசிக்குள் புதைப்பதில் பயன் இல்லை, மாவுத்தூசிதான் உள்ளே போகும். உடனே பேட்டரியைக் கழற்றித் திறந்து துடைப்பதுதான் காப்பாற்றும். மாதக்கணக்கில் விளையாடப் போவதில்லை என்றால் பென்சில் பேட்டரிகளை எடுத்துவிடுங்கள்.

புது ரப்பர் போட்டவர்கள் பழையதைத் தூக்கிப் போட வேண்டாம். அதில் ஸ்டார்ட், செலக்ட் வட்டுகள் பெரும்பாலும் புதிது மாதிரியே இருக்கும். ஒரு சின்னக் கவரில் போட்டு, கருவியின் பெயரையும் மாடல் எண்ணையும் மேலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் மேசை இழுப்பறையில் இப்படி நாற்பது கவர் இருக்கிறது. போன வாரம் புனலூரிலிருந்து வந்த ஒரு கேம் பாயின் பி பட்டனுக்கு வட்டு அதிலிருந்துதான் எடுத்தேன்.